சின்னக் குழாயில் ஃபோர்ஸ் அதிகமா?

சித்தூரில் குழாய்க் கடைகளில் தெலுங்கும் தமிழும் கலந்து நடக்கும் பேரத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். "ரெண்டு இஞ்சே போதும்ணா. பைப் சின்னதா இருந்தாத்தான் தண்ணி ஃபோர்ஸா வரும்." வாங்க வந்தவரும் தலையாட்டுவார். ஆட்டாமல் என்ன செய்வது? செடிக்குத் தண்ணீர் விடும் எல்லோரும் இதைக் கையாலேயே செய்து பார்த்தவர்கள்தானே. ரப்பர் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால், பக்கத்தில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் பத்தடி தள்ளி நிற்கும் செம்பருத்திக்குப் பாய்கிறது. வாயைக் குறுக்கினாலே இவ்வளவு வேகம் என்றால், குழாய் முழுவதையும் குறுக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே?

ஆனால் அதே மனிதர் வீட்டுக்குப் போனால் வேறு கதை. மாடித் தொட்டியிலிருந்து அரை இஞ்ச் குழாயில் இறங்கும் குளியலறைத் தண்ணீர் வாளியை நிரப்ப ஒரு யுகம் ஆகிறது. பக்கத்து வீட்டில் முக்கால் இஞ்ச் போட்டிருக்கிறார்கள். அங்கே கொட்டுகிறது. இரண்டுமே கண்ணால் பார்த்த உண்மைதான். பிறகு ஏன் ஒன்றோடொன்று முரண்படுகின்றன?

விரல் என்ன செய்கிறது

தொட்டியில் உள்ள நீர்மட்டம், உங்கள் கையிலிருக்கும் ரப்பர் குழாயின் வாயைவிட 6 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த 6 மீட்டர்தான் தண்ணீரின் மொத்தக் கையிருப்பு. மோட்டார் கடைகளில் 'ஹெட்' என்று சொல்வது இதைத்தான். நாம் 'நீருயரம்' என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரின் ஆற்றலை மீட்டர் கணக்கில் சொல்வதில் ஒரு வசதி உண்டு: எங்கே எவ்வளவு போயிற்று என்று கழித்துப் பார்த்துவிடலாம்.

வாயை அடைக்காமல் விட்டால் தண்ணீர் தாராளமாக ஓடுகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் குழாய்க்குள் அதிகமாக உராய்கிறது. அரை இஞ்ச் ரப்பர் குழாய் ஏழு மீட்டர் நீளம் இருந்தாலே போதும், 6 மீட்டரில் ஐந்தரை மீட்டரை உராய்வே தின்றுவிடும். மிச்சம் அரை மீட்டர்தான் வெளியே வரும்போது வேகமாக மாறுகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகம். கொட்டும், பாயாது.

இப்போது விரலை வைத்து ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறோம். குழாய்க்குள் தண்ணீர் மெதுவாக நகர்கிறது. உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதோடு நிற்பதில்லை, ஏழில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தரை மீட்டர் இழப்பு முக்கால் மீட்டர் ஆகிறது. மீதி 5 மீட்டருக்கு மேல் விரலுக்குப் பின்னால் அழுத்தமாக வந்து நிற்கிறது. அந்தச் சின்ன இடுக்கில் அது வேகமாக மாறி, நொடிக்கு 10 மீட்டர் வரை போகிறது. செம்பருத்தி நனைகிறது.

விரல் எந்த ஆற்றலையும் சேர்க்கவில்லை. விரல் வைத்த குழாய்வாயை மேல் நோக்கிக் காட்டுங்கள். தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டி ஒரு சொட்டும் எழும்பாது. குழாய் தின்ன இருந்ததைத் தின்னவிடாமல் தடுத்தது மட்டுமே விரலின் வேலை. அதற்கு விலையும் உண்டு: வாளி நிரம்ப மூன்று மடங்கு நேரம் ஆகும்.

விரல் குறுக்குவது கடைசி ஒரு விரற்கடை இடத்தைத்தான். சின்னக் குழாயோ தொடக்கம் முதல் முடிவு வரை குறுகல். தண்ணீர் நெடுக வேகமாக ஓடி நெடுக உராய்ந்து, வாயை அடையும்போது வெறுங்கையோடு வந்து நிற்கும். அதனால்தான் சொட்டுப் பாசனம் சரியாக அமைந்த தோட்டங்களில் பிரதான குழாய் பெரியதாகவும், செடியருகே உள்ள துளை மட்டும் சிறியதாகவும் இருக்கும்.

சுவரோரத்தில் நிற்கும் தண்ணீர்

வழவழப்பான பி.வி.சி. குழாய்க்குள் தண்ணீர் எதோடு உராய்கிறது? சுவரோடு அல்ல என்பதுதான் வியப்பு. சுவரை ஒட்டிய மிக மெல்லிய படலம் நகர்வதே இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நம்ப முடியாவிட்டால் வீட்டில் உள்ள மின்விசிறியைப் பாருங்கள். நாள் முழுக்க அத்தனை வேகத்தில் சுற்றியும் இறக்கையில் தூசு படிந்தே இருக்கிறது. இறக்கையை ஒட்டிய காற்று அதோடு சேர்ந்தே சுற்றுகிறது. தூசியை ஊதித் தள்ள அங்கே காற்றோட்டமே இல்லை. குழாயிலும் அப்படித்தான். சுவரோரம் நிற்கிறது, நடுவில் விரைகிறது, இரண்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுக்கிறது. திரவத்தின் இந்த உள்பிடிப்புக்குப் 'பாகுநிலை' என்று பெயர். ஆற்றல் போவது இந்த இழுபறியில்.

மெதுவாக ஓடும்போது அடுக்குகள் ஒழுங்காக வழுக்கிப் போகும். இது வரிச்சீர் ஓட்டம். வேகம் கூடியதும் ஒழுங்கு குலைந்து, சுழல்களும் குறுக்குப் பாய்ச்சல்களும் கிளம்பிவிடும். இது சுழற்சி ஓட்டம். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பார்ன் ரேனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் ஒரு சாய இழையைச் செலுத்தி, இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று காட்டினார். இதைப் பற்றிய அவர் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1883. மெல்ல ஓடியவரை சாயம் நூல் பிடித்தாற்போல் நின்றது. குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியதும் குழாய் முழுவதும் கலங்கிவிட்டது. நம் வீட்டிலும் வயலிலும் திறந்துவிட்ட குழாயில் ஓடுவது ஏறக்குறைய எப்போதும் இந்தக் கலங்கிய ஓட்டம்தான்.

கலங்கிய ஓட்டத்துக்கு ஒரு கொடிய குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு இரண்டு மடங்கோடு நிற்காது. வழவழப்பான குழாயில் மூன்றரை மடங்கு, சொரசொரப்பானதில் நான்கு மடங்கு. குழாயின் உட்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதை அளந்து காட்டியவர் ஆன்ரி டார்சி. பிரான்சில் தம் சொந்த ஊரான டிஜோனுக்கு 1840-ல் ஊற்றுநீரைக் கொண்டுவந்த பொறியாளர் அவர். பிறகு இரும்பு, ஈயம், கண்ணாடி என்று பலவகைக் குழாய்களில் இழப்பை அளந்து 1857-ல் நூலாக்கினார். படிவு ஏறிய பழைய வார்ப்பிரும்புக் குழாயில் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவதை அவர் கண்டார். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் பத்தாண்டுப் பழைய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரை இஞ்ச் குழாய்க்குள் ஒரு பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம் இருக்கும்.

ஐந்நூறு மீட்டர், மூன்று குழாய்கள்

இனி கணக்கு. சித்தூர்ப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. போர் ஆழமானது, தண்ணீர் கொஞ்சமாகத்தான் வருகிறது. அதனால் போர் தண்ணீரை முதலில் பக்கத்திலேயே ஒரு தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து இன்னொரு மோட்டார் வைத்து 500 மீட்டர் தள்ளியிருக்கும் தோப்புக்குத் தள்ளுகிறார் விவசாயி. அந்தப் பகுதியில் பலரும் செய்வதுதான். தரை சமமட்டம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

கடையில் 63 மில்லிமீட்டர் குழாயை 'ரெண்டு இஞ்ச்' என்பார்கள், 75-ஐ 'ரெண்டரை', 90-ஐ 'மூணு'. அந்த மில்லிமீட்டர் வெளிவிட்டம். உள்ளே எவ்வளவு என்பது குழாயின் கனத்தைப் பொறுத்தது. கணக்கு எளிதாக இருக்க, உள்விட்டத்தைச் சரியாக 2, 2½, 3 இஞ்ச் என்றே எடுத்துக்கொள்வோம்.

இரண்டு இஞ்ச் குழாயில் 3 லிட்டர் போக, தண்ணீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 500 மீட்டர் முடிவதற்குள் இழப்பு சுமார் 21 மீட்டர். சமதரையில் போகும் தண்ணீருக்கு ஏழு மாடிக் கட்டடம் ஏறும் செலவு! இரண்டரை இஞ்சில் இழப்பு 7 மீட்டர். மூன்று இஞ்சில் வேகம் நொடிக்கு முக்கால் மீட்டருக்கும் குறைவு. இழப்பு 3 மீட்டர் மட்டுமே.

விட்டம் ஒன்றரை மடங்கானதற்கு இழப்பு ஏழில் ஒரு பங்காகிவிட்டது. காரணம் இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. விட்டம் கூடும்போது பரப்பு அதன் இருமடியில் கூடுகிறது, எனவே வேகம் அந்த அளவு குறைகிறது. குறைந்த வேகம் மறுபடியும் இருமடியாக இழப்பைக் குறைக்கிறது. போதாததற்கு, பெரிய குழாயில் சுவரைத் தொடும் தண்ணீரின் பங்கும் குறைவு. எல்லாம் சேர்ந்து, விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு ஏறக்குறைய 30 மடங்காகிறது. குழாயின் எடை மட்டும், ஒரே அழுத்தத் தரத்தில், விட்டத்தின் இருமடியில்தான் கூடும். இரண்டுக்குப் பதில் மூன்று இஞ்ச் வாங்கினால் பிளாஸ்டிக் இரண்டேகால் மடங்கு. இழப்போ ஏழில் ஒரு பங்கு.

மோட்டார் கணக்கில் பாருங்கள். பம்பின் செயல்திறனைப் பாதி என்று வைத்தால், இரண்டு இஞ்ச் குழாய்க்கு 2 ஹெச்.பி. மோட்டார் வேண்டும். மூன்று இஞ்சுக்குக் கால் ஹெச்.பி. போதும்.

"தண்ணி பத்தலை, மோட்டாரைப் பெருசாக்கு" என்பது அடுத்த வழக்கமான ஆலோசனை. அதே இரண்டு இஞ்ச் குழாயில் 2 ஹெச்.பி.க்குப் பதில் 4 ஹெச்.பி. போட்டால் தண்ணீர் எவ்வளவு கூடும்? கால் பங்குக்குச் சற்று மேல். இரட்டிப்புச் சக்தியின் பெரும்பகுதி, வேகம் கூடியதால் கூடிய உராய்வுக்கே போய்விடும். தண்ணீரை இரட்டிப்பாக்க வேண்டுமானால் 12 ஹெச்.பி.க்கு மேல் போக வேண்டும். அதற்குள் குழாய் தாங்குமா என்பது வேறு கேள்வி.

பில்லில் தெரியாத செலவு

இவ்வளவு தெளிவான கணக்கு இருக்க, விவசாயி ஏன் இரண்டு இஞ்ச் வாங்குகிறார்? அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. ஆந்திரத்தில் 2004 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். குழாய் இலவசம் இல்லை; அதை வாங்கும் அன்றே காசை எண்ணி வைக்க வேண்டும். இரண்டு இஞ்ச் குழாய் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓடினால் மூன்று இஞ்சைவிடச் சுமார் 11 யூனிட் கூடுதலாக எரிக்கும். அந்த 11 யூனிட் அவர் பில்லில் வராது. மின்வாரியத்தின் கணக்கில், அங்கிருந்து அரசின் மானியக் கணக்கில், கடைசியில் எல்லோர் தலையிலும் வரும். அவரிடமிருந்து பார்த்தால் சின்னக் குழாய் நியாயமான முடிவுதான்.

ஆனாலும் அவருக்கும் ஒரு நட்டம் உண்டு, அது ரூபாயாகத் தெரியாமல் தண்ணீராகத் தெரிகிறது. பம்ப் என்பது அடம்பிடித்து 3 லிட்டரையே தள்ளும் இயந்திரம் அல்ல. எதிர்ப்பு கூடினால் தள்ளும் அளவைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான் வரும் ஊரில், அந்த நேரத்துக்குள் கடைசி வரிசை மரங்களுக்குத் தண்ணீர் எட்டாது. "இந்த வருஷம் போர் வத்திப்போச்சு" என்று சொல்லும் சில இடங்களில் வற்றியது போர்தானா என்று குழாயையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

எல்போவும் வால்வும் தனிக் கதை. இரண்டு இஞ்ச் எல்போ ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய் தின்னும் அளவைத் தின்னும். தண்ணீர் திரும்பும்போது உள்மூலையில் பிய்த்துக்கொண்டு சுழல்வதால் வரும் இழப்பு இது. 500 மீட்டர் குழாயில் பத்து எல்போ இருந்தாலும் பெரிதில்லை. நாலு மீட்டர் குளியலறைக் குழாயில் பத்து இருந்தால் ஏறக்குறைய பாதி இழப்பு அதுதான். வயலில் எல்போ வாங்காமல் வைக்கோலைக் கொளுத்திக் குழாயை அனலில் வாட்டி வளைப்பார்கள். நீளமாக, வட்டம் கெடாமல் வளைத்தால் அது எல்போவைவிட நல்லது. அவசரத்தில் வளைத்து உள்பக்கம் நசுங்கிவிட்டால் குழாய்க்கு நடுவில் நிரந்தரமாக ஒரு விரலை வைத்தது போலாகும். தொட்டிக்குள் கிடக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் மாவிலை ஒட்டினாலும் இதே கதை, அதுவும் உறிஞ்சும் பக்கத்தில் என்பதால் இன்னும் மோசம்.

தெருக்கடைசி வீடு

கோடையில் திருப்பதியானாலும் வேலூரானாலும் தெருக்கடைசி வீட்டுக்காரரின் புகார் ஒன்றுதான். தெருமுனையில் வாளி வாளியாகப் பிடிக்கிறார்கள், இங்கே காற்றுதான் வருகிறது. இதில் முனைவீட்டுக்காரர்களின் பேராசையைவிடக் குழாயின் முதல் ஐம்பது மீட்டருக்குப் பங்கு அதிகம். தெருவில் உள்ள எல்லா வீடுகளின் தண்ணீரும் அந்த முதல் துண்டு வழியாகத்தான் போக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது அங்கே வேகம் உச்சத்தில் இருக்கும், இழப்பும் உச்சத்தில். நீருயரத்தில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். விடிகாலை மூன்று மணிக்குக் கடைசி வீட்டிலும் நன்றாக வருவது இதனால்தான். இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் குழாயில் வேகமும் இழப்பும் இன்னும் கூடும். சில இடங்களில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போய், விரிசல் வழியே சாக்கடை உள்ளே வரவும் வழி பிறக்கும்.

தலக்கோணாவில் ஒரு வெப்பமானி

தின்றது, போயிற்று என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கே போயிற்று? ஆற்றல் மறைய முடியாது. வெப்பமாகத்தான் மாற முடியும். அப்படியானால் 500 மீட்டர் கடந்துவந்த தண்ணீர் சுட வேண்டாமா?

இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1847-ல் தேனிலவுக்காக ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போனபோது, நீண்ட வெப்பமானி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அருவி தேடிப் போனதாக அவர் நண்பர் வில்லியம் தாம்சன் பின்னாளில் ஒரு கதை சொன்னார். விழும் தண்ணீரின் ஆற்றல் வெப்பமானால் அடிவாரத்தில் நீர் சற்றுச் சூடாக இருக்க வேண்டுமே என்பது ஜூலின் எண்ணம். திருப்பதி மாவட்டத்துத் தலக்கோணா அருவியில் இதைச் செய்தால் என்ன கிடைக்கும்? உயரம் 270 அடி, அதாவது 82 மீட்டர். முழுவதும் வெப்பமானாலும் தண்ணீர் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் சூடேறும். சாரல் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி அதை எளிதாக மூடிவிடும்.

மாந்தோப்புக் குழாயின் 21 மீட்டருக்குக் கிடைப்பது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. தொடர்ந்து சுமார் 620 வாட் வெப்பம் அந்தக் குழாயில் உண்டாகிறது; ஒரு சின்ன மின்அடுப்பின் அளவு. ஆனால் தண்ணீர் வெப்பத்தை வாங்கி அடக்கிக்கொள்வதில் கெட்டிக்காரன். கை வைத்தால் தெரியாது. இந்த இழப்பை இத்தனை காலம் யாரும் பெரிதாக நினைக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

மலைக்குக் கொடுப்பதும் குழாய்க்குக் கொடுப்பதும்

திருமலைக்குத் தண்ணீர் மலைமேல் உள்ள கோகர்ப்பம், பாபவிநாசம், ஆகாசகங்கை, குமாரதாரா, பசுபுதாரா அணைகளிலிருந்து வருகிறது. அவை வற்றும் ஆண்டுகளில் கீழே சந்திரகிரிப் பக்கத்தில் 1977-ல் கட்டப்பட்ட கல்யாணி அணையிலிருந்து மேலே ஏற்றுகிறார்கள். திருப்பதி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர், திருமலை சுமார் 850. நகர மட்டத்திலிருந்து ஒரு வாளி, 15 லிட்டர், மேலே போக வேண்டுமானால் இயற்கை கேட்கும் குறைந்தபட்ச ஆற்றலில் 10 வாட் எல்.இ.டி. பல்பை ஏறக்குறைய 3 மணி நேரம் எரிக்கலாம். பம்பின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். மொட்டை போட்டுக் குளிக்கும் ஒவ்வொருவரும் எத்தனை வாளி ஊற்றிக்கொள்கிறார்கள் என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்த 700 மீட்டர் மலைக்குக் கொடுக்க வேண்டியது. எந்தக் குழாய் போட்டாலும் குறையாது. குழாய்க்குக் கொடுப்பது தனி. 5 கிலோமீட்டர் குழாயில் உராய்வு 20 மீட்டர் என்று வைத்தாலும் 700-ல் அது நூற்றுக்கு மூன்றுதான். இங்கே பொறியாளரின் தலைவலி அழுத்தம். ஒரே குழாயில் ஒரே வீச்சில் ஏற்றினால் அடிவாரத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 70 மடங்கு இருக்கும். அதனால் இத்தகைய ஏற்றங்களை நடுநடுவே தொட்டி வைத்துப் பல கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம்.

ஆயிரம் அடி போரிலும் இதே விகிதம்தான். 300 மீட்டர் ஏற்றத்துக்கு முன்னால் உராய்வு சிறியது. சமதரையில் நிலைமை தலைகீழ்: ஏற்றம் பூஜ்யம், கொடுப்பது அத்தனையும் குழாய்க்கு. மலையைப் பார்த்தால் எல்லோருக்கும் மோட்டார் நினைவு வருகிறது. குழாய் அளவைப் பற்றி உண்மையில் யோசிக்க வேண்டிய இடமோ தட்டையான வயல்.

மாங்கூழின் தனி வழி

சித்தூரைச் சுற்றி மாங்கூழ்த் தொழிற்சாலைகள் நிறைய. தமிழ்நாட்டில் பெங்களூரா எனப்படும் தோதாபுரி மாம்பழம் பருவத்தில் வண்டி வண்டியாக அங்கே போகிறது. கூழும் குழாயில்தான் ஓடுகிறது, துருப்பிடிக்காத எஃகுக் குழாயில். அது தண்ணீரின் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மிகவும் கெட்டியானதால் சுழல்கள் எழுவதில்லை, ஓட்டம் வரிச்சீராகவே இருக்கிறது. மேலும் தள்ளத் தள்ள இளகும் குணம் அதற்கு. கூழில் உள்ள நார்த்துகள்களும் பெக்டினும் நிற்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓடும்போது ஓட்டத்தின் திசைக்கு ஒழுங்குபட்டு விட்டுக்கொடுக்கின்றன. விளைவு வினோதமானது: கூழின் ஓட்டத்தை இரண்டு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டாம், ஏறக்குறைய கால் பங்கு கூட்டினாலே போதும். குழாயின் விட்டம் பாதியானாலும் இழப்பு 30 மடங்காவதில்லை, நான்கு மடங்குக்குள் நின்றுவிடும்.

ஓட்டத்தைத் தொடங்குவதில்தான் சிரமம். ஓடிக்கொண்டிருக்கும் கூழை நிறுத்தி ஆறவிட்டால், மறுபடி கிளப்புவதற்கு பம்ப் திணறும். சூடாக இருக்கும்போதே அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவது நல்லது. பிறகு அதே குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது, உள்ளே மறுபடியும் சுழல்கள் எழுந்து சுவரில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கின்றன. கழுவுவதற்கு அந்தக் கலங்கிய ஓட்டம்தான் வேண்டும் என்பதால் அங்கே தண்ணீரை நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல், இழப்பைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவார்கள்.